முட்டையும் பாலும் வெண்ணெயும் சேராத கேக்: வீட்டிலே செய்யும் முறை

மட்டக்களப்பு நகருக்கு வடமேற்கே, வாவியை அணைந்து கிடக்கும் ஊர் ஏறாவூர். முன்மாரி வேளாண்மை வெட்டி முடிந்ததும் இங்குள்ள பல வீடுகளிற் புதிய நெல் சேர்கின்றது. வளவிலே தென்னையும் வாழையும் தேசியும் நிற்கின்றன. முஸ்லிம் மக்களும் தமிழ் மக்களும் அடுத்தடுத்த குறிச்சிகளில் வாழ்கின்றனர். பெருநாளன்றும் பொங்கலன்றும் பலகாரத் தட்டுக்கள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குச் செல்வது இப்பகுதியின் வழக்கம். முன்னாளில் அத்தட்டுக்களில் தொதலும் பயற்றம் பணியாரமும் இருந்தன. இந்நாளிற் கேக்கும் அவற்றோடு ஒன்றாகிவிட்டது.

சாதாரண கேக்கிற்குக் கோதுமை மா, சீனி, முட்டை, வெண்ணெய் அல்லது மாஜரின், பால் ஆகிய ஐந்தும் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். இவற்றுட் பின்னைய மூன்றையும் நீக்கி, வளவிற் கிடைக்கும் தேங்காய், வாழைப்பழம், தேசிக்காய், அரிசி மா ஆகியவற்றைக் கொண்டு மிருதுவான கேக்கினைச் செய்யலாம். அதன் முறையும், ஒவ்வொரு படியின் காரணமும் இங்கு விளக்கப்படுகின்றன. காரணத்தை அறிந்து செய்பவருக்குப் பண்டம் கெடுவது அரிது. காரணம் அறியாது அளவை மாத்திரம் பார்த்துச் செய்பவர், ஒரு தேங்காயையும் அரை இறாத்தல் மாவையும் வீணாக்கிய பின்னரே தவற்றினை உணர்வர்.

இம்முறை தேவைப்படுவது ஏன்?

முதலாவது காரணம் விருந்தினர். வேலிக்கு அப்பாலுள்ள வீட்டில் விரதம் அனுட்டிக்கப்படும் நாளில், முட்டை சேர்ந்த கேக் தட்டிற் சென்றால் அதனைப் பெற்றவர் வாயில் வைக்க இயலாது. மறுப்பதும் அவர்க்கு மனவருத்தம். முட்டை சேராத பண்டமாயின் இருவருக்கும் இச்சங்கடம் இல்லை.

இரண்டாவது காரணம் ஒவ்வாமை. சில குழந்தைகளின் உடல் முட்டையையோ பசுப்பாலையோ ஏற்பதில்லை. அவற்றைச் சிறிதளவு உண்டாலும் தோலிலே தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் முதலியன தோன்றலாம். பிறந்தநாளன்று மற்றப் பிள்ளைகள் கேக் உண்ண, ஒரு பிள்ளை மாத்திரம் பார்த்திருக்க நேரிடுவது தாய்க்குப் பெருந் துயராகும்.

மூன்றாவது காரணம் கொள்கை. விலங்கிலிருந்து பெறப்படும் எவ்வுணவையும், அதாவது இறைச்சி, மீன் மட்டுமன்றி முட்டை, பால், நெய், தேன் என்பவற்றையும் விலக்கி வாழ்வோர் உலகிற் பலர். இவ்வுணவு முறைக்கு ‘வீகன்’ என்று பெயர். 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் இப்பெயரைச் சூட்டி ஒரு சங்கத்தை நிறுவினர். கிழக்கிலங்கைக் கடற்கரைகளுக்கு வரும் வெளிநாட்டவரிலும் இத்தகையோர் உளர்.

நான்காவது காரணம் தட்டுப்பாடு. 2022ஆம் ஆண்டில் இலங்கையில் வெளிநாட்டுச் செலாவணி அருகியபொழுது, பால்மாவும் சமையல் எரிவாயுவும் கிடைப்பது அரிதாயிற்று. கோதுமை மாவின் விலை பன்மடங்கு உயர்ந்தது. கோழித்தீனி அருகியதால் முட்டையும் குறைந்தது. 2023ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யவேண்டிய நிலையும் ஏற்பட்டது. அக்காலத்திலே பல வீடுகளிற் கேக் செய்வதே நின்றுபோயிற்று. தென்னையும் வாழையும் அவ்வாண்டிலும் வளவில் நின்றன என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் நன்று.

இந்நெருக்கடி உலகிற்குப் புதியதன்று. முதலாம் உலகப் போர்க் காலத்தில், முட்டை, பால், வெண்ணெய் மூன்றும் சேராத கேக்கினை அமெரிக்க இல்லத்தரசிகள் செய்து, அதற்குப் ‘போர்க்கால கேக்’ என்று பெயரிட்டனர். அதற்கும் முன்னர், 1843ஆம் ஆண்டில், பேர்மிங்ஹாம் நகரத்து மருந்துக்கடைக்காரரான அல்பிரட் பேர்ட் என்பவர் பேக்கிங் பவுடரைத் தயாரித்தார். அவருடைய மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒவ்வாதிருந்தமையே அதற்குக் காரணம். முட்டை சேராத கஸ்டர்ட் தூளையும் அவரே 1837ஆம் ஆண்டில் மனைவியின் பொருட்டுச் செய்தார். இன்று கடைதோறும் விற்கப்படும் அத்தூள், ஒரு வீட்டுச் சமையலறையின் தேவையினின்றும் பிறந்ததாகும்.

கேக்கில் முட்டையும் வெண்ணெயும் செய்யும் வேலை

ஒன்றனை நீக்குமுன் அது செய்த வேலையை அறிதல் வேண்டும். முட்டை நான்கு வேலைகளைச் செய்கின்றது.

1. கட்டுதல்: சூடேறும்பொழுது முட்டையின் புரதம் உறைந்து, கேக்கின் உருவத்தை நிலைநிறுத்துகின்றது.
2. பொங்கச் செய்தல்: அடிக்கப்பட்ட முட்டை காற்றினைச் சிறு குமிழிகளாகப் பிடித்து வைத்திருக்கின்றது.
3. கொழுப்பையும் நீரையும் இணைத்தல்: மஞ்சட்கருவிலுள்ள ஒரு பொருள், எண்ணெயும் நீரும் பிரியாது காக்கின்றது.
4. ஈரம் தருதல்: முட்டையின் பெரும்பகுதி நீரே.

வெண்ணெய் இரண்டு வேலைகளைச் செய்கின்றது. சீனியோடு சேர்த்து அடிக்கும்பொழுது அதுவும் காற்றைப் பிடிக்கின்றது, மாவை மிருதுவாக்குகின்றது. பால் ஈரமும் சுவையும் தருகின்றது.

வளவுப் பொருள்கள் இவ்வேலைகளைச் செய்யும் விதம்

கட்டுதலை மாவிலுள்ள மாப்பொருள் செய்கின்றது. நீருடன் கூடிய மாப்பொருள் ஏறக்குறைய 60 முதல் 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீரை உறிஞ்சி வீங்கிக் களியாகிப் பின் இறுகும். பிட்டு வெந்ததும் ஒட்டி நிற்பது இதனாலேயே. கோதுமை மாவில் இதனுடன் பசைப்புரதமும் உண்டு. அது வலைபோற் பரந்து வாயுக் குமிழிகளைத் தாங்குகின்றது. அரிசி மாவில் இப்பசைப்புரதம் இல்லை. ஆகவே அரிசி மாவைச் சிறிதளவு சேர்த்தாற் கேக் மிருதுவாகும். மிகுதியாகச் சேர்த்தால் உதிர்ந்துவிடும். இலங்கையிற் கோதுமை பயிராவதில்லை, முழுவதும் இறக்குமதியே. மாவில் நாலிலொரு பங்கினை வீட்டரிசியினின்றும் எடுத்தால் அவ்வளவுக்குச் செலவு குறையும். முழுவதும் அரிசி மாவிலேயே செய்ய முயலுதல் பழகாதவர்க்கு ஏற்றதன்று.

பொங்கச் செய்தலை அப்பச்சோடாவும் தேசிப்புளியும் செய்கின்றன. புளிப்பும் சோடாவும் நீரிற் சேர்ந்தவுடன் கரியமில வாயு எழுகின்றது. பேக்கிங் பவுடரில் சோடாவும் உலர்ந்த புளிப்புப் பொருளும் முன்னரே கலந்துள்ளன. அதன் வாயுவின் ஒரு பகுதி நீர் பட்டவுடனும், பெரும்பகுதி சூடு பட்ட பின்னரும் வெளிப்படும். ஆதலால் இரண்டையும் சிறிது சிறிதாகச் சேர்ப்பது நன்று.

இணைத்தலைத் தேங்காய்ப் பால் செய்கின்றது. தேங்காய்ப் பாலில் எண்ணெய், தேங்காயின் புரதத்தாற் சூழப்பட்டு நுண்துளிகளாக நீரிலே நிற்கின்றது. இயற்கையாகவே இணைந்த அக்கலவை, மேலதிகமாகச் சேர்க்கும் தேங்காய் எண்ணெயையும் ஏற்றுக்கொள்ளும். வெண்ணெயின் மிருதுவையும் இவ்வெண்ணெயே தருகின்றது.

ஈரத்தையும் மணத்தையும் நன்கு கனிந்த வாழைப்பழம் தருகின்றது. தோல் கறுத்துப் புள்ளி விழுந்த கதலிப்பழமே இதற்குச் சிறந்தது. சந்தையில் விலைபோகாது எஞ்சும் பழம் இவ்வாறு பயன்படும்.

வேண்டிய பொருள்கள்

இங்குக் கோப்பை எனப்படுவது 200 மில்லிலீற்றர் கொள்ளும் அளவாகும். மாவைக் கோப்பையில் அழுத்தாது நிரப்பி, மேலே கத்தியால் மட்டஞ் செய்தல் வேண்டும்.

கோதுமை மா: 1½ கோப்பை (ஏறக்குறைய 165 கிராம்)
அரித்த அரிசி மா: ½ கோப்பை (ஏறக்குறைய 55 கிராம்)
பனங்கட்டி அல்லது கித்துள் கருப்பட்டி, சீவியது: 160 கிராம் (இல்லையேல் அதே நிறையுள்ள சீனி)
தேங்காய்ப் பால், முதற்பாலும் இரண்டாம் பாலும் கலந்தது: 1¼ கோப்பை
தேங்காய் எண்ணெய்: 4 மேசைக்கரண்டி
கனிந்த கதலிப்பழம்: நடுத்தர அளவினது 2
தேசிப்புளி: 1 மேசைக்கரண்டி
பேக்கிங் பவுடர்: 1 தேக்கரண்டி, மட்டமாக
அப்பச்சோடா: ½ தேக்கரண்டி, மட்டமாக
உப்பு: ¼ தேக்கரண்டி
ஏலக்காய்: 4, பொடித்தது
மரமுந்திரிகைப் பருப்பு: விரும்பினால் ஒரு கைப்பிடி, சிறிதாக நறுக்கியது

ஒவ்வாமை உள்ளவர்க்காகச் செய்யும்பொழுது கடைப்பொருள்களின் உறையை வாசித்தல் அவசியம். மாஜரினிற் பாற்பொருள் கலந்திருக்கலாம். தேங்காய்ப் பால் மா வகைகள் சிலவற்றிலும் பாற்புரதம் சேர்க்கப்படுகின்றது. தேங்காயைத் துருவிப் பிழிந்த பாலில் இந்த ஐயம் இல்லை. மரமுந்திரிகைப் பருப்பும் சிலருக்கு ஒவ்வாதாகையால் கேட்டறிந்தே சேர்த்தல் வேண்டும். சிறு குழந்தைகட்கு முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கக்கூடும்.

முன் ஆயத்தங்கள்

அரிசி மா: பச்சை அரிசியை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, இடித்து அல்லது அரைத்து, அரிதட்டில் அரிக்கவேண்டும். பின் நிறம் மாறாதபடி இளஞ்சூட்டில் வறுத்து ஈரத்தைப் போக்கி, நன்கு ஆறவிடுதல் வேண்டும். பிட்டுக்கு வறுத்து வைத்துள்ள மா இருப்பின், அதனை மீண்டும் ஒருமுறை அரித்துப் பயன்படுத்தலாம்.

கருப்பட்டி: தேங்காய்ப் பாலை இளஞ்சூடாக்கி, அடுப்பினின்றும் இறக்கி, சீவிய கருப்பட்டியை அதிற் கரைக்க வேண்டும். பால் கொதித்தல் ஆகாது. கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும். கரைந்த பின் மெல்லிய துணியில் வடித்து, மண்ணையும் தூசியையும் நீக்கி, முற்றாக ஆறவைத்தல் வேண்டும். பதநீர் புளியாதிருக்கச் சுண்ணாம்பு இடப்படுவதால், பனங்கட்டியிற் சிறிது சுண்ணாம்பு எஞ்சியிருத்தல் கூடும். அது புளிப்பின் வலிமையைக் குறைக்கும். ஆகவே தேசிப்புளியின் அளவிற் குறைவு செய்யலாகாது.

சோடாவின் பரீட்சை: மாரிகாலத்து ஈரக்காற்றில் அப்பச்சோடாவும் பேக்கிங் பவுடரும் வலிமை இழந்துவிடும். ஒரு சிட்டிகை சோடாவிலே சில துளி தேசிப்புளி விட்டால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். பேக்கிங் பவுடரை வெந்நீரில் இட்டுப் பார்க்கலாம். நுரை எழாவிடின் அதனை நீக்கிவிடுதலே இலாபம்.

தட்டு: 18 முதல் 20 சென்ரிமீற்றர் அகலமும் 5 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள தகரத் தட்டின் உட்புறத்தில் எண்ணெய் பூசி, சிறிது மாவைத் தூவித் தட்ட வேண்டும். தணலில் வாட்டிய வாழையிலையை அடியில் வட்டமாக வெட்டி இடுவதும் நன்று.

நெருப்பு: மாவைக் கலக்குமுன்னரே நெருப்பையும் பாத்திரத்தையும் ஆயத்தஞ் செய்தல் வேண்டும். கலவை நெருப்புக்காகக் காத்திருக்கலாகாது. இதன் காரணம் கீழே கூறப்படும்.

போறணை இல்லாதவிடத்து வெதுப்பும் முறை

தடித்த அடியுள்ள பெரிய சட்டி ஒன்றை எடுத்து, அதன் அடியில் இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்கு அரித்து உலர்த்திய ஆற்று மணலைப் பரப்புக. வாவிக்கரை மணலில் உப்பும் சிப்பித் துண்டுகளும் இருப்பதால் அது ஏற்றதன்று. உப்பு சட்டியை அரித்துவிடும். மணலின்மேல் மூன்று சிறு கற்களை வைத்து, விளிம்புள்ள தட்டையான உலோக மூடியால் மூடுக.

சட்டியை இளநெருப்பின்மேல் ஏற்றி, மூடியின்மேற் சிரட்டைத் தணலைப் பரப்பிக் கால் மணி நேரம் சூடாக்குக. கீழ் நெருப்பிலும் மேல் நெருப்பு மிகுந்திருத்தல் வேண்டும். கீழ்ச்சூடு மிகுந்தால் அடி கருகும். சூட்டின் அளவை அறிய, ஒரு சிறு வெள்ளைக் காகிதத் துண்டைக் கற்களின்மேல் வைத்து மூடுக. ஐந்து நிமிடத்தில் அது இளம் பொன்னிறமானாற் சூடு சரி. கபில நிறமானால் தணலைக் குறைக்கவும். வெள்ளையாகவே இருந்தாற் கூட்டவும்.

தணல் வேலையை வெளித் திண்ணையிலோ காற்றோட்டமுள்ள கொட்டிலிலோ செய்தல் வேண்டும். அடைத்த அறையில் எரியும் கரியினின்றும் நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயு எழுந்து உயிருக்கு இடர் விளைக்கும். சிறுவரை அணுகவிடலாகாது. மின்சாரப் போறணை உள்ளவர்கள் 175 முதல் 180 பாகை செல்சியஸ் வரை முன்னரே சூடாக்கிக் கொள்ளலாம்.

கலக்கும் முறை

1. கோதுமை மா, அரிசி மா, பேக்கிங் பவுடர், அப்பச்சோடா, உப்பு, ஏலப்பொடி ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து மூன்று முறை அரிக்கவும். சோடா ஓரிடத்தில் தங்கினால் அவ்விடம் கசக்கும்.

2. வேறொரு பாத்திரத்தில் வாழைப்பழத்தைக் கட்டியின்றி மசித்து, ஆறிய கருப்பட்டிப் பாலையும் எண்ணெயையும் விட்டு, எண்ணெய் மேலே மிதவாதபடி நன்றாக அடிக்கவும். மாரிகாலத்துக் காலை வேளையில் எண்ணெய் உறைந்திருந்தால், பாத்திரத்தை வெந்நீரில் வைத்து இளக்கிக்கொள்ளலாம்.

3. உலர்ந்த மாவின் நடுவே குழி செய்து, இந்நீர்க்கலவையை ஊற்றி, மரக்கரண்டியால் மெதுவாகக் கிளறவும். உலர்ந்த மா கண்ணுக்குத் தெரியாத அளவே போதும். சிறு கட்டிகள் இருப்பினும் குறையில்லை.

4. இறுதியாகத் தேசிப்புளியை விட்டு, பத்துப் பன்னிரண்டு முறை மாத்திரம் கிளறவும். பருப்புச் சேர்ப்பதாயின் இப்பொழுது சேர்க்கவும். கலவை தோசை மாவினும் சற்றுத் தடிப்பாக, கரண்டியினின்றும் பட்டியாக விழும் பதத்தில் இருத்தல் வேண்டும். மிகத் தடித்திருப்பின் ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப் பால் சேர்க்கலாம்.

5. உடனே தட்டில் ஊற்றி, சூடான சட்டியில் வைத்து மூடவும்.

இங்கு இரண்டு காரணங்களை உணர்தல் வேண்டும். கோதுமை மாவை ஈரத்துடன் மிகுதியாகக் கிளறினாற் பசைப்புரதம் முறுகி, ரொட்டி மாவைப்போற் கேக் இறுகிவிடும். முட்டையிட்ட கேக்கினை நெடுநேரம் அடித்துப் பழகியவர்கள் பெரும்பாலும் இவ்விடத்திலே தவறுகின்றனர். அடிப்பதனாற் காற்றுப் புகும் என்பது முட்டைக்கும் வெண்ணெய்க்கும் பொருந்தும்; இதற்குப் பொருந்தாது. மற்றையது, தேசிப்புளி விட்ட கணத்திலிருந்தே வாயு எழத் தொடங்குகின்றது. கலவை காத்திருந்தால் வாயு காற்றோடு போய்விடும். பின்னர் எவ்வளவு நெருப்பிட்டாலும் கேக் பொங்காது.

வேகும் காலமும் பரீட்சையும்

சட்டியில் 40 முதல் 50 நிமிடம் வரை செல்லும். மின்சாரப் போறணையில் 35 முதல் 40 நிமிடம் போதும். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறத்தலாகாது. அவ்வேளையில் வாயு கேக்கினை உயர்த்தி நிற்கின்றது. மாப்பொருள் இன்னும் இறுகவில்லை. திறந்தாற் சூடு தணிந்து நடு தாழும். மூடியின்மேலுள்ள தணல் நீறு பூத்தால், நீற்றை அகற்றிப் புதுத் தணல் இடுக.

அரை மணிக்குப் பின், தணலைக் கவனமாக அகற்றித் திறந்து, கழுவிய ஈர்க்கு ஒன்றைக் கேக்கின் நடுவிற் குத்தி எடுக்கவும். ஈர மா ஒட்டாது வெளிவருமாயின் வெந்தது எனக் கொள்க. மேற்புறத்தை விரலால் மெல்ல அழுத்தினால், பள்ளம் விழாது மீள எழுதலும் அடையாளமாகும்.

இறக்கியதும் பத்து நிமிடம் தட்டிலேயே விட்டு, பின் கவிழ்த்து, கம்பித் தட்டிலோ சுளகின்மேல் விரித்த சுத்தமான துணியிலோ ஆறவைக்கவும். சூட்டோடு வெட்டினால் உதிரும். மாப்பொருள் ஆறும்பொழுதே உறுதி பெறுகின்றது. ஒரு மணி நேரமாயினும் பொறுத்தல் வேண்டும்.

தணல் வசதி இல்லாதவர்கள் இதே கலவையை இடியப்பச் சட்டியில் ஆவியில் 45 நிமிடம் அவிக்கலாம். மேலே நீர் சொட்டாதபடி தட்டினைத் துணியால் மூடுதல் வேண்டும். மேற்புறம் சிவவாது, ஆயினும் உட்புறம் மிருதுவாயிருக்கும்.

குறைகளும் காரணங்களும்

நடு தாழ்தல்: மூடியை முந்தித் திறந்தமை, நெருப்புக் குறைந்தமை, அல்லது சோடா மிகுந்தமை.
அடி கருகி நடு வேகாமை: கீழ் நெருப்பு மிகுந்தமை, அல்லது மணல் குறைந்தமை.
இறப்பர்போல் இறுகுதல்: மிகுதியாகக் கிளறியமை.
சவர்க்காரச் சுவை: சோடாவைக் குவித்து அளந்தமை, சரியாக அரியாமை, அல்லது தேசிப்புளி குறைந்தமை.
உதிர்தல்: அரிசி மா மிகுந்தமை, அல்லது ஆறுமுன் வெட்டியமை.
களிபோல் ஈரமாயிருத்தல்: வாழைப்பழமோ பாலோ மிகுந்தமை, அல்லது முற்றாக வேகாமை.
பொங்காமை: சோடா வலிமை இழந்தமை, அல்லது கலவை காத்திருந்தமை.

ஒருமுறை தவறினால் எல்லா அளவுகளையும் ஒருங்கே மாற்றுதல் கூடாது. ஒன்றை மாத்திரம் மாற்றிப் பார்த்தாலே காரணம் புலப்படும். வயலில் விதையையும் உரத்தையும் நீரையும் ஒரே போகத்தில் மாற்றிய கமக்காரனுக்கு, விளைச்சல் எதனாற் கூடியது எனத் தெரியாதது போன்றதே இதுவும்.

பாதுகாத்தல்

தேங்காய்ப் பாலும் பழமும் சேர்ந்த பண்டமாதலால் இது நெடுநாள் நில்லாது. முற்றாக ஆறிய பின் மூடியுள்ள பேணியில் இட்டு, இரண்டு நாட்களுக்குள் உண்டுவிடுதல் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் நான்கைந்து நாள் வைத்திருக்கலாம். சூட்டோடு மூடினால் ஆவி நீராகிப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் தோன்றிய கேக்கில் அப்பகுதியை மாத்திரம் வெட்டி நீக்கிவிட்டு மீதியை உண்ணல் ஆகாது. தேங்காய்ப் பாலைப் பிழிந்த சில மணி நேரத்துள் பயன்படுத்துக. புளித்த பாலிற் செய்தால் மணம் கெடும்.

உணவு மதிப்புப் பற்றி ஒரு குறிப்பு

முட்டை சேராதமையால் இது நோயாளிக்கேற்ற உணவாகிவிடும் என எண்ணுதல் தவறு. கருப்பட்டியும் இனிப்பே; நீரிழிவுள்ளவர்க்கு அது சீனியைப் போன்றே கேடு செய்யும். முட்டை புரதம் மிக்க நல்லுணவு. அதனை உண்ணக்கூடிய குழந்தைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் கேக்கில் மிச்சப்பட்ட முட்டையை அவித்துக் கொடுப்பதே சிறப்பு. முட்டை உண்ணாத குடும்பத்தினர் பயறு, கௌபி, உளுந்து முதலிய பருப்பு வகைகளை நாடோறும் உணவிற் சேர்த்தல் வேண்டும்.

விற்பனைக்குச் செய்வோர்க்கு

மாதர் சங்கங்களைச் சேர்ந்தவர்கள் இதனைச் சிறு தொழிலாகவும் நடத்தலாம். முதலில் ஒரு கொப்பியில் மா, கருப்பட்டி, தேங்காய், எண்ணெய், விறகு ஆகிய ஒவ்வொன்றின் விலையையும் எழுதுதல் வேண்டும். வளவுத் தேங்காய்க்கும் சந்தை விலையையே எழுதுக. அது விற்றிருந்தாற் காசு தந்திருக்கும். செய்பவரின் நேரத்துக்கும் கூலி எழுதுதல் அவசியம். இவை இரண்டையும் எழுதாதவர் இலாபம் எனக் கருதுவது பெரும்பாலும் அவருடைய சொந்த உழைப்பே.

‘முட்டை இல்லை, பால் இல்லை’ எனக் கூறி விற்பவருக்குப் பொறுப்புப் பெரிது. ஒவ்வாமையுள்ள குழந்தையின் தாய் அச்சொல்லை நம்பியே வாங்குகின்றாள். முட்டை அடித்த கரண்டியையும் வெண்ணெய் பூசிய தட்டையும் கழுவாது இதற்குப் பயன்படுத்தலாகாது. இயலுமாயின் இதற்கெனத் தனிப் பாத்திரங்கள் வைத்துக்கொள்ளுதல் நன்று. சேர்த்த பொருள்கள் யாவற்றையும் உறையில் எழுதுதல் வேண்டும். இலங்கையில் உணவு விற்பனை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு அமைந்தது. தொழிலைத் தொடங்குமுன் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையைப் பெறுக.

நினைவிற் கொள்ள வேண்டியவை

நெருப்பை முதலில் ஆயத்தஞ் செய்க.
மாவையும் சோடாவையும் மூன்று முறை அரிக்க.
குறைவாகக் கிளறுக.
தேசிப்புளியை இறுதியில் விடுக. விட்டதும் அடுப்பில் ஏற்றுக.
அரை மணி நேரம் மூடியைத் திறவாதிருக்க.
ஆறிய பின் வெட்டுக.

இவ்வாறனுள் எதற்கும் பணம் வேண்டியதில்லை; கவனமே வேண்டும். இம்முறையைப் பழகிய வீட்டில், முட்டையின் விலை ஏறிய காலத்திலும் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் இருக்கும். வேலிக்கு அப்பாற் செல்லும் தட்டும், அங்கு விரதமாயிருப்பினும், தயக்கமின்றி ஏற்கப்படும்.